ஜீப்புக்கு அடியில் படுத்தவன்

அத்தியாயம் 6

"மேடம், இந்த ஜீப்பை யாரோ கொலை பண்ணப் பார்க்கறாங்க."

சொன்ன ரவிகுமார் சிரிக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து விநாயக் சிரித்தான்.

"ஜீப்பையா? அதுக்குக் கழுத்து எங்க சார் கீது?"

லூயிசா திரும்பிப் பார்த்தாள். விநாயக் வாயை மூடிக்கொண்டான். அதிக நேரத்துக்கு அல்ல என்பது இருவருக்குமே தெரியும்.

லூயிசா பாதி ஆயுளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிப்போன வண்டிகளைப் பார்ப்பதில் கழித்தவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், வளைந்த தகடு சொல்லாது என்பது அவள் கட்சி. வேலையை விட்ட பிறகு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். விநாயக் தினமும் பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தவன். உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவானாலும் சரி என்று அவளிடம் சேர்ந்தான். இங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

நந்திதுர்க்கில் ரவிகுமாரின் வீட்டு ஷெட் அது. ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் சிமெண்ட் பாதை சரிவாக இறங்கியது. பின்னால், மூடிப்போன தங்கச் சுரங்கத்திலிருந்து எடுத்து அரைத்துக் கொட்டிய சாம்பல் நிற மண் மலையாக நின்றது. ஊரில் அதற்கு சயனைட் மேடு என்று பெயர்.

ஜீப் கரும்பச்சை நிறத்தில் மின்னியது. உருண்டைக் கண் விளக்கு, தட்டையான மட்கார்டு, துணிக்கூரை. வெளியே பார்த்தால் அந்தக் காலத்து வண்டி. உள்ளே புது பவர் ஸ்டீயரிங், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், தலைக்கு மேலே வளைத்த இரும்புக் குழாய்.

"எங்கப்பா ராஜேந்திரன் மைன்ஸ் செக்யூரிட்டியில இருந்தார்" என்றான் ரவிகுமார். "ட்யூட்டியில ஓட்டின வண்டி இது. மைன்ஸ் மூடினப்போ ஏலத்துல எடுத்தார். அடுத்த வருஷமே அந்த மேட்டு ரோட்டுல வண்டி உருண்டு முதுகெலும்பு போச்சு. அதுலேருந்து படுக்கைதான். போன வருஷம் போயிட்டார். வண்டி இத்தனை வருஷமா இங்கேயே துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. பெங்களூர்ல வேலை பார்த்துக்கிட்டே, லீவு லீவா எடுத்து இதை எழுப்பி நிறுத்தியிருக்கேன்."

"எதிரி இன்னா பண்ணான்?" என்றான் விநாயக்.

"முதல்ல ரேடியேட்டர் ஹோஸைக் கிழிச்சான். அப்புறம் சைலன்சர் குழாய்க்குள்ள மேட்டு மண்ணை அடைச்சான். முந்தாநாள் அடியில போய் ஆயில் பிளக்கைத் திறந்துவிட்டிருக்கான். எல்லாம் பட்டப்பகல்ல, மெக்கானிக் சாப்பிடப் போற நேரத்துல."

"யார் மேலயாவது சந்தேகம்?" என்றாள் லூயிசா.

"இல்ல. அப்பாவுக்கு ஊர்பூரா எதிரிங்க. செக்யூரிட்டிக்காரனை யாருக்குப் பிடிக்கும்? ஆனா நாலு பேருக்குத் தெரியணும் மேடம், இந்த வண்டி மேல யாரோ பழி வச்சிருக்கான்னு. இன்னிக்கு சாயங்காலம் முதல் ஓட்டம். அப்பா விழுந்த அதே மேட்டு ரோட்டுல ஏறி இறங்கணும். அதுக்குள்ள கண்டுபிடிங்க."

பூசணிக்காயும் எலுமிச்சையும் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். போகும்போது பாக்கெட்டைத் தொட்டு ஜீப் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

*

மெக்கானிக் மஞ்சுநாத் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சாக்காய்டிச்சு மேடம், போதும் போதும்னு ஆயிடிச்சு. ஹோஸ் மாத்தினேன், சைலன்சர் கழட்டிக் கழுவினேன், ஆயில் புதுசா ஊத்தினேன். அதெல்லாம் கூடப் பரவாயில்ல. இந்தப் பேனலைப் பாருங்க."

சாவித் துவாரம் இருந்த முன்பலகையைக் காட்டினார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"இதுல இன்னா?" என்றான் விநாயக்.

"இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா அவன் வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் இதுல கீறல் விழுந்திருக்கும். சாவி ஸ்விட்சுக்குக் கீழே, பிறை மாதிரி. ஸ்விட்ச் கழுத்துல கம்பி சுத்தின தடம். மூணு சல பெயிண்ட் அடிச்சேன்."

"கடைசியா எப்ப அடிச்சீங்க?" லூயிசா கேட்டாள்.

"முந்தாநாள். ஆயில் கொட்டின அப்புறம்."

லூயிசா அந்த வழவழப்பின் மேல் விரலை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சோடு ஜீப்புக்கு அடியில் நுழைந்தாள்.

"மேடம், அந்த வேலைக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

"உனக்குத் தொப்பை இடிக்கும்."

அடியிலிருந்து நெடுநேரம் சத்தமே வரவில்லை. வந்தபோது குரல் மாறியிருந்தது.

"மஞ்சுநாத், பிரேக்கைக் கடைசியா எப்ப அழுத்திப் பார்த்தீங்க?"

"நேத்து வீட்டுக்குக் கிளம்பறப்போ. கல்லு மாதிரி நின்னுச்சு."

"இப்ப அழுத்தாதீங்க. பின்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் பிரியற இடத்துல பைப்பை ரம்பத்தால அறுத்திருக்கான். முழுசா இல்ல, முக்கால்வாசி. சமதரையில தாங்கும். மேட்டுலேருந்து இறங்கறப்போ ஓங்கி ஒரு மிதி மிதிச்சா பிளந்துக்கும். அறுத்த தூள் இன்னும் மினுங்குது. இன்னிக்குக் காலையில செஞ்ச வேலை."

விநாயக் சிரிக்கவில்லை. இதுவரை வண்டியை நாசம் பண்ணியவன் இப்போது ஆளைக் கொல்லத் துணிந்திருக்கிறான். சாயங்காலம் அந்த சீட்டில் உட்காருபவன் உயிரோடு கீழே வரமாட்டான்.

லூயிசா வெளியே வந்து மஞ்சுநாத்தின் காதில் ஏதோ சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தினார், தலையாட்டினார்.

"யாருக்கும் சொல்லக்கூடாது. ஓனருக்கும்தான்" என்று முடித்தாள். "சரி, இந்த ஷெட்டுக்கு வந்து போறவங்கள்ல பழைய மைன்ஸ் ஃபிட்டர் யாராவது உண்டா?"

மஞ்சுநாத் யோசிக்கவே இல்லை. "சாமுவேல். சுரங்கத்துக்குள்ள ஆளுங்களை இறக்கற கேஜுக்கு ஃபிட்டரா இருந்தவர். டீ நேரத்துக்கு வந்து டயர் மேல உட்கார்ந்து எனக்கே வேலை சொல்லிக்கொடுப்பார்."

*

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து விநாயக் கத்தினான். "ஃபிட்டர்னு எப்படி மேடம்? கீறல்ல ஜாதகம் எழுதியிருந்துச்சா?"

"எங்கப்பா இன்னா வேலை பார்த்தார்?"

"கேஜை ஏத்தி இறக்கற வைண்டிங் இன்ஜின் டிரைவர்."

"அவர் ஸ்விட்ச்சைத் தொடறதுக்கு முன்னாடி எதைப் பார்ப்பார் தெரியுமா? டோக்கனை. ஃபிட்டர் ஒரு மிஷினுக்கு அடியில போகணும்னா, முதல்ல தன்னோட பித்தளை டோக்கனைக் கம்பியில கோத்து ஸ்விட்ச்சுல மாட்டுவான். டோக்கன் தொங்கறவரைக்கும் எவனும் மிஷினை ஓடவிடக்கூடாது. வெளிய வந்து அவனேதான் அதை எடுக்கணும். மேனேஜரே வந்தாலும் தொடமாட்டார்."

விநாயக் அவள் காதருகே குனிந்தான்.

"அப்போ நம்மாளு, வண்டியை நாசம் பண்ணப் போறதுக்கு முன்னாடி தன்னோட சேஃப்டியைப் பார்த்துக்கிட்டாரா?"

"பார்க்கணும்னு நெனச்சிருக்கமாட்டார். கை தானாப் போயிருக்கும். அடியில படுக்கணும்னா டோக்கனை மாட்டணும். அவ்வளவுதான் கைக்குத் தெரியும். மாட்டின டோக்கன் ஆடி ஆடிப் புதுப் பெயிண்ட்டைக் கீறியிருக்கு."

"திருடப் போன வீட்டுல செருப்பை வாசல்ல கழட்டி வச்ச மாதிரி."

"கழட்டி வச்சுட்டு, திரும்பி வர்றப்போ போட்டுக்கிட்டும் போயிருக்கார்."

*

மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி வீடு. சாமுவேல் வாசலில் நின்று தொட்டி முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு நிமிர்ந்த உடம்பு.

"வாங்க. யாரு, லூயிசாவா? வைண்டிங் டிரைவர் பொண்ணு. இன்னாம்மா, இந்தப் பக்கம்?"

"ஒண்ணைப் பார்க்கலாம்னு வந்தேன் அண்ணே."

உள்ளே இயேசு படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது அது. தேய்ந்துபோன பித்தளை வட்டம், நடுவில் நம்பர், துளையில் கம்பி. லூயிசா அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விளிம்பில் கரும்பச்சை ஒட்டியிருந்தது.

"டோக்கனுக்குப் பெயிண்ட் அடிக்கிற பழக்கம் எப்பலேருந்து அண்ணே?"

சாமுவேல் அதைப் பார்த்தார். பிறகு விநாயக்கைப் பார்த்தார். பிறகு பாய் மேல் உட்கார்ந்து சிரித்தார்.

"கர்மம். இது இல்லாம நான் அடியில போனதே இல்ல."

"ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்காம? ஹோஸ் நான்தான், மண்ணு நான்தான், ஆயிலும் நான்தான். அந்த வண்டி எழுந்து ஓடக்கூடாது."

"வண்டி இன்னா பண்ணுச்சு பெரியவரே?" என்றான் விநாயக்.

சாமுவேலின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என் தம்பி எபனேசர் தங்கக் கல்லை அரைக்கிற மில்லுல வேலை பார்த்தான். அவன் டிபன் பாக்ஸ்ல தங்கம் இருந்துச்சுன்னு ராஜேந்திரன் பிடிச்சான். வச்சவனே அவன்தான். ப்ரமோஷன் வேணும்ல? பிடிச்சுக் கொடுத்தா போதாதா? அந்த ஜீப் பம்பர்ல எபனேசரைக் கட்டி, லைன் லைனா ஓட்டினான். பொம்பளைங்க, பசங்க எல்லாரும் பார்த்தாங்க. என் வீட்டு வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சான். மறுநாள் தம்பி, வேலை நிறுத்தின பழைய ஷாஃப்ட் குழியில குதிச்சுட்டான்."

வெளியே எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

"அந்த வண்டியைப் புதுசு பண்ணி, பெயிண்ட் அடிச்சு, மாலை போட்டு ஊருக்குள்ள ஓட்டுவானாம். ஓட்டட்டுமே பார்க்கலாம்."

"அதுக்குத்தான் பிரேக் பைப்பை அறுத்தீங்களா?"

சாமுவேல் நிமிர்ந்தார். "இன்னா பைப்?"

"பிரேக். இன்னிக்குக் காலையில."

"நான் இன்னிக்கு அந்தப் பக்கமே போகல. பிரேக்கைத் தொடுவேனா? கேஜ் ஃபிட்டர்மா நான். இருபது ஆளு உயிரு தொங்கற கயித்தைப் பார்த்துக்கிட்டவன். இன்ஜினை நாசம் பண்ணுவேன், பிரேக்குல கை வைக்கமாட்டேன்."

"நம்பறேன் அண்ணே."

விநாயக் திடுக்கிட்டான். "நம்பறீங்களா? இவ்வளவு நேரம் பேசினது..."

"பேனல் வழவழன்னு இருந்துச்சு விநாயக். முந்தாநாள் அடிச்ச பெயிண்ட்டுல ஒரு கீறல் இல்ல. பைப்பை அறுத்தவன் டோக்கன் மாட்டல. இவர் கை அதை மறக்காது. அடியில படுத்தது வேற ஆளு. யாராவது வண்டியைக் கிளப்பிடுவாங்களோன்னு பயமே இல்லாத ஆளு."

"பயம் இல்லாதவன்னா... முட்டாளா?"

"இல்லன்னா சாவியைப் பாக்கெட்டுல வச்சிருக்கறவன்."

டோக்கனைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு லூயிசா மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு முதல் ஓட்டம் யார் ஓட்டப்போறது?"

"நான்தான்" என்றார் சாமுவேல். "ரவி நேத்து வீட்டுக்கே வந்தான். 'அங்கிள், நீங்க அப்பாவோட வேலை பார்த்தவர், உங்க கையாலதான் ஆரம்பிக்கணும், தனியா ஒரு ரவுண்டு மேட்டுக்குப் போயிட்டு வாங்க'ன்னு கையைப் பிடிச்சான். எனக்கு லட்டு கெடச்ச மாதிரி. மேட்டு உச்சிக்கு ஏத்தி, நான் குதிச்சுட்டு, வண்டியை உருட்டிவிட்டுடலாம்னு இருந்தேன்."

விநாயக் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீங்க வண்டியைக் கொல்லப் பார்க்கறீங்க. வண்டியை வச்சு அவர் உங்களைக் கொல்லப் பார்க்கறார். நடுவுல அந்த மஞ்சுநாத் பெயிண்ட் அடிச்சே செத்துட்டார்."

"அவனுக்கு என் மேல இன்னா கோபம்?" என்று சாமுவேல் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் தெரிந்தவர்போலத் தரையைப் பார்த்தார்.

லூயிசா அதைக் கவனித்தாள். "வாங்க அண்ணே. அவர்கிட்டயே கேட்போம்."

*

சாயங்காலம் ஜீப்புக்கு மாலை போட்டிருந்தது. சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சை. ரவிகுமார் வெள்ளைச் சட்டையில் நின்றான். சாமுவேலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அங்கிள். சாவி இந்தாங்க."

"இருங்க ரவிகுமார்" என்றாள் லூயிசா. "கேட் குறுகலா இருக்கு. பெரியவர் புதுப் பெயிண்ட்டை உரசிடப்போறார். கேட் வரைக்கும் நீங்களே இறக்கிக் கொடுத்துடுங்க. அங்கேருந்து அவர் எடுக்கட்டும்."

"அவரே எடுக்கட்டும் மேடம், ஒண்ணும் ஆகாது."

"உங்கப்பா வண்டி. ஷெட்டை விட்டு வெளிய எடுக்கற கை உங்க கையா இருக்கவேண்டாமா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவிகுமார் ஏறினான். இன்ஜின் உறுமியது. எலுமிச்சைகள் நசுங்கின. ஜீப் முதல் கியரில், சரிவில் ஊர்ந்து இறங்கியது.

கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது விநாயக் டீ கிளாஸ் தட்டோடு குறுக்கே வந்தான். பாதி வழியில் நின்று, "சார், சர்க்கரை போட்டதா, போடாததா?" என்றான்.

ஹாரன் அலறியது. விநாயக் நகரவில்லை. ரவிகுமாரின் கை பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. ஜீப் குலுங்கி, இன்ஜின் அணைந்து, விநாயக்கின் தட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"போடாததுதான் போல" என்றான் விநாயக். தட்டில் டீ பாதி சிந்தியிருந்தது.

லூயிசா ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ரவிகுமார், ஒரு ஆள் குறுக்கே வந்தா கால் தானா பிரேக்குக்குப் போகும். உங்க கால் இன்னும் தரையிலயே இருக்கு. ஏன்?"

"பதற்றத்துல..."

"பதற்றத்துல யாரும் ஹேண்ட்பிரேக்கைத் தேடமாட்டாங்க. ஓங்கி மிதிச்சா பைப் இங்கேயே உடைஞ்சிடும், அப்புறம் மேட்டுல பெரியவருக்கு மிச்சம் இருக்காதுன்னு உங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கு. அறுத்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். இப்ப தாராளமா மிதிக்கலாம். மத்தியானமே மஞ்சுநாத் புது பைப் போட்டுட்டார்."

ரவிகுமார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எதிரி இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணும்னீங்களே. அந்த நாலு பேர்ல ஒருத்தியா என்னைக் கூப்பிட்டீங்க. பெரியவர் மேட்டுலேருந்து உருண்டா, ஏற்கெனவே ஹோஸ் கிழிச்சவன்தான் பண்ணினான்னு நானே சாட்சி சொல்லியிருப்பேன். ஹோஸ் கிழிச்சது யாருன்னு மட்டும் உங்களுக்குத் தெரியல. அது இவரேதான்."

ரவிகுமார் தலையைத் திருப்பினான். முதல்முறையாக சாமுவேலை நேராகப் பார்த்தான். அங்கிள் என்று அழைத்தவனின் முகம் அல்ல அது.

"எங்கப்பா இந்த வண்டிக்கு அடியில கெடந்தார் மேடம். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். இவர் அந்த வழியா வந்தார். மேல நின்னு பார்த்தார். எங்கப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவர் பீடியைப் பத்தவச்சுக்கிட்டுப் போயிட்டார். உடனே தூக்கியிருந்தா நடந்திருப்பார்னு டாக்டர் சொன்னார். அத்தனை வருஷம் நான் அவருக்குப் பீத்துணி மாத்தினேன். சாகறப்போதான் சொன்னார், யார் பார்த்துட்டுப் போனதுன்னு."

எல்லோரும் சாமுவேலைப் பார்த்தார்கள்.

"பத்தவைக்கல" என்றார் சாமுவேல். "தீப்பெட்டி இல்ல."

பிறகு ரவிகுமார் பக்கம் திரும்பினார்.

"மத்தது நெசம். தண்ணி கேட்டான். பம்பர்ல கட்டியிருந்தப்போ என் தம்பியும் கேட்டான். உங்கப்பன் அதைக் காதுல வாங்கல, நான் இதைக் காதுல வாங்கல. நான் அவனை உருட்டிவிடலடா. அவனா உருண்டான். நான் சும்மா பார்த்தேன். இன்னிக்கும் கண்ணை மூடினா அந்த முகம் தெரியும். தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும்."

ரவிகுமார் ஜீப்பிலிருந்து பாய்ந்தான். விநாயக் தட்டைப் போட்டுவிட்டு அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மஞ்சுநாத் ஓடிவந்து கையைப் பிடித்தார். சாமுவேல் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

லூயிசா ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மம்தா வந்தபோது ரவிகுமார் அடங்கியிருந்தான். அறுத்த பைப்பைத் துணியில் சுற்றி லூயிசா அவரிடம் கொடுத்தாள். ஷெட் பரணிலிருந்து ரம்பத்தை மஞ்சுநாத் எடுத்துக் கொடுத்தார். கொலை முயற்சி. ஹோஸ், மண், ஆயில் சமாச்சாரத்துக்கு சாமுவேலும் நாளை ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார் மம்தா. "வர்றேன்மா" என்று அவர் பவ்யமாகத் தலையாட்டினார்.

போலீஸ் வண்டியில் ரவிகுமாரை ஏற்றும்போது சாமுவேல் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் போனார்.

"ஏம்மா, இவனை வெளிய எடுக்கணும்னா உள்ளூர்க்காரன் ஒருத்தன் ஜாமீன் கையெழுத்துப் போடணுமாமே?"

"ஆமா. கோர்ட்டுல கேட்பாங்க."

"இவனுக்கு இங்க யாரும் இல்ல. நான் போடறேன். எங்க வரணும்னு சொல்லுங்க."

மம்தா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். விநாயக்கின் கண் கலங்கியேவிட்டது.

"பெரியவரே, உங்களைக் கொல்லப் பார்த்தவன். அவனை மன்னிச்சிட்டீங்களா?"

சாமுவேல் போலீஸ் வண்டியின் கம்பி வலைக்குப் பின்னால் தெரிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"உள்ள வச்சா பத்திரமா இருப்பான் தம்பி. வெளிய வரட்டும்."